ஓடிட்டு இருக்கும்போது அந்த சுவிட்சைத் தட்டாதீங்க

அமிகா 500-ங்கிற பழைய ஹோம் கம்ப்யூட்டர்ல வேகத்தைக் கூட்டுற ஆக்சிலரேட்டர் கார்டு போட்டு, பழைய 68000 பிராசசருக்கும் கார்டுல இருக்கிற 68030 பிராசசருக்கும் மாறிக்க சுவிட்ச் வச்சிருக்கீங்களா, இது உங்களுக்குத்தான். பழைய கம்ப்யூட்டர் ரிப்பேர்தான் என் தொழில். போன மாசம் ஒருத்தர் கொண்டு வந்தார், கேம் ரொம்ப வேகமா ஓடுதேன்னு ஆடிட்டு இருக்கும்போதே சுவிட்சைத் தட்டியிருக்கார், அந்த நேரம் பார்த்து ஹார்ட் டிஸ்க்ல எழுதிட்டு இருந்திருக்கு. ஸ்கிரீன் அப்படியே நின்னுபோச்சு, திரும்ப ஆன் பண்ணா டிஸ்க் பார்ட்டிஷன் சரியா இருக்கான்னு சிஸ்டம் பார்க்கிற வேலிடேஷன் முடியவே மாட்டேங்குது. சின்ன வயசுல அவர் போட்ட மியூசிக் ஃபைல் எல்லாம் அதுலதான். முக்கால்வாசி மீட்டுட்டேன், மிச்சம் போனது போனதுதான்.

பைக்ல கியர் மாத்துற மாதிரின்னு நிறைய பேர் நினைக்கிறாங்க. அப்படி இல்லீங்க. ஓடுற புரோகிராம் எந்த இடத்துல நிக்குதுங்கிற கணக்கு பிராசசருக்குள்ளதான் இருக்கு, ஒன்னை நிறுத்தி இன்னொன்னை எழுப்பினா அதுக்கு அந்தக் கணக்கு எதுவும் தெரியாது. கார்டுல இருக்கிற மெமரியும் பெரும்பாலும் 68000 கண்ணுக்குத் தெரியாது, அதோட எல்லை 16 எம்பிதான். போதாக்குறைக்கு எந்த பிராசசர் இருக்குன்னு சிஸ்டம் பூட் ஆகும்போது ஒரு தடவைதான் பார்த்துக் குறிச்சுக்கும்.

சுவிட்சே வேண்டாம்னு சொல்லல. 1987-ல வந்த மெஷின், ஐரோப்பா மாடல்ல 7.09 மெகாஹெர்ட்ஸ், அதை மட்டுமே நம்பி எழுதின கேம்கள் ஏராளம். லூப் எண்ணி நேரம் கணக்கு பண்ணியிருப்பாங்க, அட்ரஸ்ல சும்மா கிடக்கிற மேல் 8 பிட்ல வேற தகவலை ஒளிச்சு வச்சிருப்பாங்க, 68030-ல அந்த பிட்டும் அட்ரஸ்தான், அதனால கிராஷ். ஓடும்போதே தன் கோடைத் தானே திருத்திக்கிற கேமுக்கு, படிச்ச கோடை நகலா உள்ள வச்சுக்கிற 68030-ஓட கேஷ் எமன்.

அதனால பவரை ஆஃப் பண்ணுங்க, லைட் அணைஞ்சதும் கொஞ்சம் பொறுங்க, சுவிட்சை மாத்துங்க, அப்புறம் ஆன் பண்ணுங்க. அமிகா 1200-ல பிளிசார்ட் 1230 மார்க் 4 கார்டு இருந்தா சுவிட்சே வேண்டாம், ரீசெட் ஆகும்போது 2-ங்கிற கீயை அழுத்திப் பிடிச்சா கார்டு ஒதுங்கிக்கும். அதுவும் ரீசெட்லதான் மாறுது, கவனிங்க. கேஷ் மட்டும்தான் பிரச்சனைன்னா அமிகாவோட சிஸ்டம் வொர்க்பெஞ்ச் 2-லயோ அதுக்கு மேலயோ, கமாண்ட் டைப் பண்ற ஷெல்லுல 'சிபியு நோகேஷ்' (CPU NOCACHE) கமாண்ட் கொடுத்துப் பாருங்க, பல தடவை அதுவே போதும்.

சுவிட்சுக்கு ஓட்டை போடுறவங்க தயவுசெஞ்சு போர்டை வெளிய எடுத்துட்டுப் போடுங்க. பிளாஸ்டிக்குக்கு உள்ள தகரக் கவசம் இருக்கு, டிரில் பண்ணா தூள் கொட்டும். போன மாசம் வந்த அதே மெஷின்ல 68000-ஓட 64 காலுக்கு நடுவுல தலைமுடி சைஸ்ல ஒரு தகரச் சுருள், லென்ஸ் வச்சுப் பார்த்தாதான் தெரியுது, அது ரெண்டு காலை ஒட்டலாமா வேண்டாமான்னு தொங்கிட்டு இருந்துச்சு.