கிராபிக்ஸ் கார்டு: வரைபட அட்டையா, வரைகலை அட்டையா?

இந்த மழைக்காலத்தில் மட்டும் இந்தத் தவறைப் பார்ப்பது மூன்றாவது தடவை. பழைய கணினிப் பாகங்கள் விற்கும் ஒருவர் அனுப்பிய பட்டியலில் 'பழங்கால வரைபட அட்டை, நல்ல நிலையில்' என்று ஒரு வரி. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் 1998-ல் வந்த வூடூ 2, கணினி விளையாட்டுகளின் காட்சிகளைத் திரைக்கு வரைந்து தரும் கிராபிக்ஸ் கார்டு. கூடலூரில் என் பக்கத்து வீட்டுப் பையன் அதைப் படித்துவிட்டு, "அண்ணா, மேப் ஒட்டுற அட்டையா?" என்று கேட்டான். அவன் மேல் தப்பே இல்லை.

கிராபிக்ஸ் என்பதன் கிரேக்க வேருக்குக் கீறு, எழுது, வரை என்று பொருள். கார்டும் கிரேக்கத்தில் தாளைக் குறித்த சொல்தான். லத்தீன் வழியாக வந்தது. நம் 'வரை'யும் அப்படியே: கோடும் வரைவோம், கடிதமும் வரைவோம். மலைக்கும் வரை என்று பெயர் உண்டு. நீலகிரியில் இருந்துகொண்டு அதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

வரைபடம் என்பது வரைந்து முடித்த ஒன்று. சமூக அறிவியல் தேர்வில் ஆறுகளைக் குறிப்பது அதில்தான். கணக்கு வகுப்பில் அதற்கென்று கட்டம் போட்ட தாளே உண்டு. வூடூ 2-க்குள் அப்படி எந்தப் படமும் இல்லை. விளையாட்டு நிரல் அதனிடம் முக்கோணங்களின் முனைகளைத்தான் கொடுக்கும். உள்ளே புள்ளி புள்ளியாக நிரப்பி, செங்கல், புல், துரு என்று மேற்பரப்பைப் போர்த்துவது அட்டையின் வேலை. இரண்டு வூடூ 2-ஐச் சேர்த்து இணைத்தால் திரையின் வரிகளைப் பங்கு பிரித்துக்கொண்டு, ஒன்றுவிட்டு ஒன்றாக வரையும். வரைவதுதான் அதன் தொழில், அதனால்தான் வரைகலை. இதில் இன்னொன்று: வூடூ 2-ஆல் சாதாரணத் திரையைக் காட்டவே முடியாது. அதற்கு வேறொரு அட்டை வேண்டும். அதிலிருந்து ஒரு குட்டைக் கேபிள் இதற்குள் நுழைந்து போகும். துல்லியமாகச் சொன்னால் இது முப்பரிமாண முடுக்கி, அதாவது 3டி ஆக்சிலரேட்டர். இயற்பியல் பாடத்தில் முடுக்கம் படித்த எவருக்கும் புரியும் சொல்.

அகராதியில் கிராஃபுக்கு எதிரே வரைபடம் என்று இருப்பதைப் பார்த்து, கிராபிக்ஸுக்கும் அதையே ஒட்டிவிடுகிறார்கள். ஒரு தடவை பெட்டியைத் திறந்து பொருளைக் கையில் எடுத்துப் பார்த்தவர் இப்படி எழுத மாட்டார்.

'அட்டை'யையும் மாற்றச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். எங்கள் பக்கம் அட்டை என்றால் முதலில் நினைவுக்கு வருவது காலில் ஏறுவதுதான். மழையில் தேயிலைக் காட்டுக்குள் இறங்குகிறவர்கள் உப்பு இல்லாமல் இறங்குவதில்லை. அதனால் 'பலகை' என்று வைக்கலாம் என்றார் ஒரு நண்பர். நான் ஒப்பவில்லை. மதர்போர்டைத் தாய்ப்பலகை என்கிறோம். பலகை அடியில் கிடப்பது, அட்டை அதில் செருகுவது. இரண்டையும் பலகை என்றால் பாகம் மாற்றுகிறவனுக்கு எதைக் கழற்றுவது என்று தெரியாது. குடும்ப அட்டை, ஆதார் அட்டை என்று நாள்தோறும் சொல்லும்போது வராத குழப்பம் இங்கே மட்டும் ஏன் வரப்போகிறது?

'பழங்கால'வும் தவறு. 'விண்டேஜ்' என்பதைத்தான் அப்படி மொழிபெயர்க்கிறார்கள். அதுவோ திராட்சை அறுவடையிலிருந்து பிறந்த சொல். எந்த ஆண்டு விளைச்சல் என்பதே அதில் முக்கியம். பழங்காலம் நீலகிரியின் கற்திட்டைகளுக்குப் பொருந்தும். 1998-க்கு 'பழைய' போதும், ஆண்டையும் சேர்த்தால் இன்னும் நல்லது.

விற்பவருக்கு 'வூடூ 2, 1998, வரைகலை முடுக்கி அட்டை' என்று எழுதி அனுப்பினேன். மாற்றிவிட்டார். அட்டையை நானே வாங்கி, ஈரத்தில் மங்கியிருந்த முனைகளைப் பென்சில் ரப்பரால் துடைத்துக்கொண்டிருக்கிறேன்.