காய்ச்சல் வந்தால் வலிப்பு மாத்திரையை நிறுத்தாதீர்கள்

இரண்டு ஆண்டுகளுக்கு மேலாக ஒரு முறைகூட வலிப்பு வராமல், படிப்பை முடித்து வேலைக்கும் சேர்ந்துவிட்ட ஓர் இளைஞர் போன வாரம் நினைவற்ற நிலையில் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுவரப்பட்டார். விட்டு விட்டு வந்த வலிப்புக்கு இடையில் அவருக்குத் தெளிவு திரும்பவே இல்லை. மூளைக்காய்ச்சலாக இருக்குமோ, புதிதாக ஏதேனும் கட்டியோ கசிவோ இருக்குமோ என்று ஸ்கேன், இரத்தப் பரிசோதனை, முதுகுத்தண்டு நீர்ப் பரிசோதனை எல்லாம் செய்து பார்த்தோம். காரணமோ அவருடைய தாயாரின் கைப்பையில் இருந்தது. மாத்திரை அட்டையின் பின்புறத்தில் ஒவ்வொரு குழிக்கும் நேராகப் பேனாவால் கிழமை எழுதி வைத்திருந்தார். அவற்றில் வியாழன் முதல் ஞாயிறு வரை காலையும் இரவுமாக எட்டுக் குழிகள் உடைபடாமல் இருந்தன. "காய்ச்சல் மாத்திரையும் இதுவும் சேர்ந்தால் உடம்பு தாங்காதே டாக்டர், காய்ச்சல் விட்டதும் கொடுக்கலாமென்று நிறுத்தி வைத்தேன்" என்றார்.

அந்த இளைஞர் பிழைத்துக்கொண்டார். ஆனால் இப்படி ஒருவர் வருவது இது முதல் முறை அன்று, இந்த ஆண்டிலேயே முதல் முறை அன்று. கிழமை எழுதி வைத்து மாத்திரை கொடுக்கும் தாயை அலட்சியக்காரர் என்று யாரும் சொல்ல முடியாது. நன்றாகக் கட்டுப்பட்டிருந்த வலிப்பு திரும்பி வருபவர்களில் பலருக்கு நோய் முற்றியிருப்பதில்லை. சளி, காய்ச்சல், வாந்தி, வயிற்றுப்போக்கு, பல் பிடுங்குதல், சிறிய அறுவை சிகிச்சை என்று யாருக்கும் வரக்கூடிய ஏதோவொன்று குறுக்கே வந்திருக்கும், அந்தச் சில நாட்களில் மாத்திரை நின்றிருக்கும். வலிப்பு நோயை எப்படிக் கையாள வேண்டும் என்பதை ஓரளவு தெரிந்து வைத்திருக்கும் குடும்பங்கள்கூட, வலிப்பு நோய் உள்ளவருக்கு மற்ற உடல்நலக் குறைவுகள் வரும்போது என்ன செய்ய வேண்டும் என்பதைத் தெரிந்து வைத்திருப்பதில்லை. அதில் எங்கள் பங்கும் உண்டு. மருந்துச் சீட்டை எழுதித் தரும்போது அதைச் சொல்லித் தருபவர்கள் எங்களில் குறைவு.

முதலில் அந்த "உடம்பு தாங்காது" என்ற எண்ணத்தையே எடுத்துக்கொள்கிறேன். காய்ச்சலுக்குத் தரப்படும் பாராசிட்டமாலை, பரிந்துரைக்கப்பட்ட அளவில், வலிப்பு மருந்துகளோடு சேர்த்துத் தரலாம். ஒன்றையொன்று முறித்துக்கொள்ளும் மருந்துகள் அல்ல அவை; ஒன்றைத் தருவதற்காக மற்றதை நிறுத்த வேண்டிய தேவை துளியும் இல்லை. இன்னொரு பக்கம், காய்ச்சலே வலிப்பைத் தூண்டக்கூடியது. காய்ச்சலோடு தூக்கம் கெடுகிறது, சாப்பாடு குறைகிறது, உடலில் நீர்ச்சத்தும் உப்பும் குறைகின்றன; இவை ஒவ்வொன்றும் தனியாகவே வலிப்பைக் கொண்டுவரக்கூடியவை. மருந்தின் காவல் மிக அதிகமாகத் தேவைப்படும் நாட்கள் அவைதாம். அந்த நாட்களில் மாத்திரையை நிறுத்துவது, மழை வலுக்கும் நேரம் பார்த்துக் குடையை மடக்குவதற்கு ஒப்பானது.

நான்கு நாள்தானே, உடம்பில் பழைய மருந்து இருக்காதா என்று கேட்கிறார்கள். இருக்காது. இன்று மிகப் பரவலாக எழுதப்படும் லெவெடிராசிட்டம் பெரியவர்களின் இரத்தத்தில் 6 முதல் 8 மணி நேரத்துக்குள் பாதியாகக் குறைந்துவிடும். இரண்டு நாள் நிறுத்தினால் ஏறக்குறைய ஒன்றுமே மிஞ்சாது. 1912 முதல் பயன்பாட்டில் உள்ள பீனோபார்பிட்டோன் மெதுவாகவே வெளியேறும் என்றாலும், அதைத் திடீரென நிறுத்தினால் நிறுத்தியதாலேயே கடுமையான வலிப்பு வரக்கூடும். வேகமாக வெளியேறும் மருந்தானாலும் மெதுவாக வெளியேறும் மருந்தானாலும், சட்டென்று நிறுத்தும் விஷப்பரீட்சை வேண்டாம்.

இதோடு ஒட்டிக்கொண்டு வரும் இன்னொரு எண்ணம், "இரண்டு வருடமாக வரவில்லையே, சரியாகிவிட்டது என்றுதானே அர்த்தம்" என்பது. வலிப்பு வராமல் இருந்தது பெரும்பாலும் அந்த மாத்திரையின் வேலை. உலக அளவில் சுமார் 5 கோடிப் பேருக்கு வலிப்பு நோய் இருக்கிறது. சரியாகக் கண்டறிந்து சரியான மருந்து கொடுத்தால் அவர்களில் 70 சதவீதம் பேர் வரை வலிப்பே இல்லாமல் வாழ முடியும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. மருந்தை உட்கொண்டு வாழும் வாழ்க்கையைப் பற்றித்தான் அது பேசுகிறது. குறைந்தது இரண்டு ஆண்டுகள் வலிப்பு இல்லாமல் இருந்த பிறகு சிலருக்கு மருந்தைக் குறைத்துப் பார்ப்பதுண்டு. அதையும் எந்த வகை வலிப்பு, மூளையின் மின்னலைகளைப் பதிவுசெய்யும் இ.இ.ஜி. என்ன சொல்கிறது, மூளையில் தழும்பு உண்டா என்றெல்லாம் பார்த்துவிட்டு, பல வாரங்கள் அல்லது மாதங்கள் எடுத்துக்கொண்டு, படிப்படியாகவே செய்கிறோம். பதின்ம வயதில் காலையில் கை உதறலோடு தொடங்கும் வகை போன்ற சிலவற்றில், எத்தனை ஆண்டு கழித்து நிறுத்தினாலும் பெரும்பாலோருக்கு வலிப்பு திரும்பிவிடும். மருத்துவரே இவ்வளவு தயங்கிச் செய்யும் காரியத்தை ஒரு காய்ச்சலை முன்னிட்டு ஒரே நாளில் செய்துவிடாதீர்கள் என்றுதான் கேட்கிறேன்.

மருந்துகள் ஒன்றோடொன்று மோதுவது உண்மையில் நடப்பதுதான். ஆனால் மக்கள் அஞ்சும் இடம் வேறு, அஞ்ச வேண்டிய இடம் வேறு. பாராசிட்டமாலுக்குப் பயந்து வலிப்பு மாத்திரையை நிறுத்துபவர்கள், தொண்டை வலிக்கு வாங்கும் ஆன்டிபயாட்டிக்கைப் பற்றி ஒரு வார்த்தை கேட்பதில்லை. கார்பமசெபின் என்ற வலிப்பு மருந்தை எடுப்பவர் கிளாரித்ரோமைசினோ எரித்ரோமைசினோ சேர்த்து எடுத்தால், கார்பமசெபினின் அளவு இரத்தத்தில் ஏறிக்கொண்டே போய், தலைசுற்றலும், ஒன்று இரண்டாகத் தெரிவதும், நடை தள்ளாட்டமும், வாந்தியும் வரும். சிப்ரோஃப்ளாக்சசின் வகை மருந்துகள் சிலருக்கு வலிப்பைத் தூண்டக்கூடியவை; வலிக்குத் தரப்படும் டிரமடாலும் அப்படியே. தூக்கம் வரவழைக்கும் பழைய வகைச் சளி மாத்திரைகளை வலிப்பு நோய் உள்ளவர்கள் தாமாக வாங்கிச் சாப்பிடக் கூடாது. நெஞ்செரிச்சலுக்கான அமில எதிர்ப்பு மருந்துகள், பெனிட்டாயின் என்ற வலிப்பு மருந்து உடலில் சேர்வதைக் குறைக்கக்கூடியவை என்பதால் இரண்டுக்கும் இடையே சில மணி நேர இடைவெளி வேண்டும். மருந்துக் கடையில் நிற்கும்போது "எனக்கு வலிப்பு நோய் உண்டு, இந்த மாத்திரை சாப்பிடுகிறேன்" என்று வாய் திறந்து சொல்லுங்கள். அக்கம்பக்கத்தார் காதில் விழுமே என்று மறைத்ததால் தவறான மருந்து வாங்கிச் சென்றவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

சக மருத்துவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். வால்புரோயேட் எடுப்பவருக்குக் கடுமையான தொற்று என்று மெரோபெனெம் தொடங்கினால், வால்புரோயேட்டின் அளவு ஓரிரு நாளில் சரிந்துவிடும்; அளவை ஏற்றினாலும் ஈடுகட்ட முடியாது. வேறு ஆன்டிபயாட்டிக்கைத் தேடுங்கள், முடியாவிட்டால் வேறொரு வலிப்பு மருந்தைத் தற்காலிகமாகச் சேருங்கள். நோயாளி வீட்டில் எடுத்துவந்த வலிப்பு மருந்து, சேர்க்கைத் தாளில் முதல் வேளையிலிருந்தே எழுதப்பட்டிருக்க வேண்டும். அது விடுபட்டதால் வார்டிலேயே வலிப்பு வந்தவர்களின் குடும்பத்துக்கு என்ன பதில் சொல்வது என்று தெரியாமல் நின்றிருக்கிறேன்.

வாந்தியும் வயிற்றுப்போக்கும் வேறு வகைச் சிக்கல். மாத்திரையை விழுங்கிய சற்று நேரத்திலேயே வாந்தி வந்து, அதில் மாத்திரை முழுதாகத் தெரிந்தால் பொதுவாக அந்த வேளையைத் திரும்பக் கொடுக்கலாம். நேரம் கடந்திருந்தால் என்ன செய்வது என்பது மருந்துக்கு மருந்து மாறும் என்பதால் உங்கள் மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டு வைத்திருங்கள். எதைக் கொடுத்தாலும் தங்கவில்லை என்ற நிலை ஒரு நாள் நீடித்தால், அது மருத்துவமனைக்குப் போக வேண்டிய நிலை; வால்புரோயேட், லெவெடிராசிட்டம், பெனிட்டாயின் ஆகியவற்றை ஊசி வழியாகத் தர முடியும். கார்பமசெபினோ ஆக்ஸ்கார்பசெபினோ எடுப்பவர்களுக்கு இரத்தத்தில் சோடியம் குறையும் வாய்ப்பு ஏற்கெனவே உண்டு. ஆகவே வயிற்றுப்போக்கின்போது வெறும் தண்ணீராகவே குடிக்காமல் ஓ.ஆர்.எஸ். கரைசலைக் குடிக்க வேண்டும். மறந்துபோன வேளையை நினைவு வந்ததும் போட்டுக்கொள்ளுங்கள். அடுத்த வேளை நெருங்கிவிட்டிருந்தால் இரண்டையும் சேர்த்துப் போடாதீர்கள். மெதுவாகக் கரையும் வகை மாத்திரைகளைப் பொடித்துக் கொடுக்கவே கூடாது.

அறுவை சிகிச்சைக்கு முன் வெறும் வயிற்றோடு வரச் சொன்னார்கள் என்று காலை மாத்திரையை விட்டுவிடுகிறார்கள். அன்றைய வலிப்பு மாத்திரையை ஒரு வாய்த் தண்ணீரில் விழுங்கிவிட்டு வரும்படிதான் மயக்க மருந்து நிபுணர்கள் வழக்கமாகச் சொல்வார்கள். அவர்கள் சொல்ல மறந்தால் நீங்கள் கேளுங்கள். பல் மருத்துவரிடமும் நோயைச் சொல்லுங்கள். பெனிட்டாயின் ஈறுகளைத் தடிக்கச் செய்யும் என்பதால், அதை எடுப்பவர்கள் மற்றவர்களைவிட ஒரு படி அதிகமாகப் பல்லைப் பேண வேண்டும்.

தூக்கத்தைப் பற்றி எல்லோரும் அறிவார்கள், யாரும் கடைப்பிடிப்பதில்லை. கைபேசி வெளிச்சத்தால் வலிப்பு வருமா என்று கேட்கிறார்கள். மின்னி மின்னி மறையும் ஒளியால் தூண்டப்படும் வலிப்பு, நோயாளிகளில் நூற்றுக்குச் சுமார் மூன்று பேருக்குத்தான். மற்ற அனைவருக்கும் தீங்கு செய்வது, அந்தக் கைபேசியோடு நள்ளிரவு தாண்டி விழித்திருப்பதுதான். மது குடித்த அன்றைவிட அது இறங்கும் மறுநாளில்தான் வலிப்பு அதிகம் வரும்.

பெண்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியவை இருக்கின்றன. இவற்றைப் பேசக் கூச்சப்பட வேண்டாம் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். கார்பமசெபின், பெனிட்டாயின், பீனோபார்பிட்டோன் ஆகியவை கருத்தடை மாத்திரையின் பலனைக் குறைத்துவிடும். மறுபுறம், ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரை லாமோட்ரிஜின் என்ற வலிப்பு மருந்தின் அளவைக் கிட்டத்தட்டப் பாதியாக்கிவிடக்கூடியது. வால்புரோயேட் எடுக்கும் தாய்மார்களின் குழந்தைகளில் பத்தில் ஒன்றுக்குப் பிறவிக் குறைபாடு வரக்கூடும், பத்தில் மூன்று நான்கு குழந்தைகளுக்கு வளர்ச்சியிலும் கற்றலிலும் சிக்கல் வரக்கூடும் என்பதால், கருத்தரிக்கத் திட்டமிடும்போதே வந்து பேசுங்கள். மருந்தை மாற்றவும் ஃபோலிக் அமிலத்தைத் தொடங்கவும் எங்களுக்குக் காலம் வேண்டும். ஆனால் கர்ப்பம் உறுதியான அன்று பயந்துபோய் மாத்திரையைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். கட்டுக்கடங்காத வலிப்பு தாயையும் சிசுவையும் சேர்த்தே கொண்டுபோகக்கூடும். அன்றைய வேளையைப் போட்டுக்கொண்டு உடனே மருத்துவரைப் பாருங்கள்.

ஆண்டுக்கணக்கில் பழைய வகை மருந்துகளை எடுப்பவர்கள் எலும்பின் உறுதியையும் வைட்டமின் டி அளவையும் சோதித்துக்கொள்வது நல்லது. மனச்சோர்வு இந்த நோயோடு அடிக்கடி கூட வருவது. லெவெடிராசிட்டம் சிலருக்கு எரிச்சலையும் கோபத்தையும் தரும். "இவன் குணமே மாறிவிட்டது" என்று வீட்டார் சொன்னால், அதை என்னிடம் சொல்லுங்கள், அவனிடம் சண்டையிடாதீர்கள். மாற்று மருந்து இருக்கிறது.

வலிப்பு இன்னும் முழுமையாகக் கட்டுப்படாதவர்கள் குளியலறைக் கதவைத் தாழிடக் கூடாது; தனியாக நீச்சலுக்குப் போகக் கூடாது. வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், கடிகாரத்தைப் பாருங்கள், வாயில் எதையும் திணிக்காதீர்கள், கை கால்களை அழுத்திப் பிடிக்காதீர்கள். 5 நிமிடத்தைத் தாண்டினாலும், தெளிவதற்குள் அடுத்தது வந்தாலும், ஆம்புலன்ஸை அழையுங்கள்.

அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது ஒரு தாளில் சிலவற்றை எழுதி வாங்குங்கள்: மருந்தின் பெயரும் அளவும், வாந்தியெடுத்தால் எப்போது திரும்பக் கொடுப்பது, தவிர்க்க வேண்டிய மருந்துகள் எவை, வலிப்பு நீண்டால் மூக்கில் அடிக்கும் மிடசோலம் வீட்டில் வைத்திருக்க வேண்டுமா, காய்ச்சல் நாட்களில் கூடுதலாக ஏதேனும் மாத்திரை தேவையா. ஒரு வாரத்துக்கான மாத்திரை எப்போதும் கையிருப்பில் இருக்கட்டும். அந்தத் தாளைக் கைபேசியில் படமெடுத்து வீட்டிலுள்ள ஒவ்வொருவருக்கும் அனுப்பி வையுங்கள். இரவு நேரத்தில் நினைவில்லாமல் அவசரப் பிரிவுக்கு வரும் ஒருவருக்கு எந்த மருந்தை எவ்வளவு ஏற்றலாம் என்று முடிவுசெய்ய, பணியிலிருக்கும் மருத்துவருக்கு அந்தப் படம் ஒன்றே போதும்.