பருவப் பொய்கை, உள்வாய், செடிக்கூட்டம்: சொல் விளக்கம்

அமெரிக்காவின் அட்லாண்டிக் கரை மாநிலங்களில், பைன் காட்டு மணலுக்கு நடுவே வட்டம் வட்டமாக ஆழமில்லாத நீர்நிலைகள் கிடக்கின்றன. மாசசூசெட்ஸின் கேப் காட், நியூயார்க்கின் லாங் ஐலண்ட், தெற்கு நியூ ஜெர்சியின் பைன் பாரன்ஸ் ஆகியவை இவற்றுக்குப் பேர்போன இடங்கள். 'கோஸ்டல் பிளெயின் பாண்ட்' என்பது சூழலியலார் வைத்த பெயர். பருவத்துக்குப் பருவம் நீர் ஏறி இறங்குபவற்றை 'வெர்னல் பாண்ட்' என்றும் சொல்வதுண்டு. இவற்றின் செடிகளைப் பற்றித் தமிழில் எழுத வருபவர் 'கடலோர வசந்தக் குளத் தாவரச் சமூகம்' என்று எழுதிவிடக்கூடும். அதில் ஒவ்வொரு சொல்லும் வேறொரு காட்சியைக் காட்டிவிடும்.

முதலில் 'வெர்னல்'. லத்தீனில் 'வேர்' என்றால் வசந்தம். அதிலிருந்து வந்த சொல் இது. குளிர்கால மழையும் உருகிய பனியும் நிலத்தில் இறங்கி, செடிகொடிகள் இன்னும் நீரை இழுக்கத் தொடங்காத மார்ச், ஏப்ரலில் அங்கே நீர் நிறைந்து நிற்கும். நமக்கோ இளவேனில் என்றால் சித்திரையும் வைகாசியும்; குளம் வற்றி வெடிக்கும் காலம். 'வேனிற்குளம்' என்று படிக்கும் தமிழர் மனத்தில் நேர் எதிரான படம்தான் விழும். 'பருவ' என்ற அடை போதும். இங்கே பருவம் என்பது ஆண்டுக் கணக்கோடு நிற்பதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மழை மிகுந்தால் இரண்டு மூன்று ஆண்டுகள் தொடர்ந்து நீர் இறங்காமலே இருக்கும். வறண்ட ஆண்டில் அடிமணல் தெரியும்.

'பாண்ட்' என்பது அடைப்பு, பட்டி என்ற பொருளுள்ள 'பவுண்ட்' என்ற சொல்லின் மறுவடிவம். அணைத்துத் தேக்கிய நீருக்கே முதலில் அந்தப் பெயர். நம் ஏரியும் குளமும் அப்படித்தான்: கரை, மதகு, கலிங்கு எல்லாம் உண்டு. பைன் காட்டு நீர்நிலைக்கு இவை எதுவும் இல்லை. பெரும்பாலும் ஓடை வந்து சேர்வதோ வெளியேறுவதோ கூட இல்லை. லாங் ஐலண்டிலும் கேப் காடிலும் பனியாறு பின்வாங்கியபோது மணலில் புதைந்துபோன பனிக்கட்டிகள் உருகி விட்டுச்சென்ற பள்ளங்கள் இவை. தெற்கு நியூ ஜெர்சிக்குப் பனியாறு வரவே இல்லை. அங்கே பனியூழிக் குளிர்காற்று மணலை வாரிச் சென்று குழித்த பள்ளங்கள் உண்டு, அவற்றை உள்ளூரார் 'ஸ்பங்' என்பார்கள். எப்படி உண்டானாலும், நிலத்தடி நீர்மட்டம் பள்ளத்தின் வழியே வெளியே தெரிகிறது, அவ்வளவுதான். இதற்குத் தமிழில் ஆயத்தமாக ஒரு சொல் இருக்கிறது: பொய்கை. 'மானிடராக்காத நீர்நிலை' என்று பழைய உரை அதற்குப் பொருள் சொல்கிறது. இதைவிடப் பொருந்தும் சொல் கிடைக்காது.

'கோஸ்டல் பிளெயின்' என்பது கடற்கரையைக் குறிக்கவில்லை. முன்பு கடல் படியவைத்த மணலும் களிமண்ணும் சேர்ந்த அகன்ற நிலப்பகுதிக்கு அது நிலவியல் பெயர். 'கடலோரக் குளம்' என்றால் உப்பங்கழி நினைவுக்கு வரும். இந்த நீரோ நன்னீர், சத்துக் குறைந்தது, அமிலத்தன்மை மிக்கது. ஆகவே 'கடற்கரைச் சமவெளி' என்ற முழுப்பெயரைச் சுருக்காமல் எழுத வேண்டும்.

'கம்யூனிட்டி'க்குப் பாடநூல்கள் 'சமுதாயம்' என்கின்றன. செடிகளின் தொகுதி அப்படி ஒரு சமுதாயம்தானா என்பது சூழலியலில் பழைய விவாதம். 1916இல் அமெரிக்கச் சூழலியலார் கிளெமன்ட்ஸ் தாவரத் தொகுதியை ஓர் உயிரி போலப் பார்த்தார். 1926இல் இன்னொரு அமெரிக்கச் சூழலியலார் கிளீசன், ஒவ்வோர் இனமும் தன் தேவைக்கேற்பத் தனித்தனியே வந்து சேர்கிறது என்றார். பொய்கைச் செடிகளைப் பார்த்தால் கிளீசன் சொன்னதே சரியாகப் படுகிறது. 'கூட்டம்' என்ற எளிய சொல் அதற்கு இடம் தருகிறது. 'திணை' என்று சொல்ல ஆசை வரும். ஆனால் அது காட்டையே அடக்கும் அளவுக்குப் பெரிய சொல், ஒரு பள்ளத்தின் விளிம்புக்கு ஆகாது.

இனி முக்கியமான இடம். அரிய செடிகள் நடுநீரில் இல்லை, காட்டிலும் இல்லை. நீர் இறங்கும்போது வெளிப்படும் மணல் வளையத்தில் இருக்கின்றன. ஆங்கிலத்தில் 'பாண்ட்ஷோர்'. 'கரை' என்றால் நமக்கு மண்மேடு. ஏரிப் பாசனத்தில் புழங்கும் 'உள்வாய்' இதற்குப் பொருந்தும்: நீர் நின்று வற்றும் உட்புறத் தரை. ஏரி வற்றியதும் உள்வாயில் வெள்ளரி போடுபவர்களுக்கு இந்த நிலத்தின் இயல்பை விளக்க வேண்டியதில்லை.

வெளியிலிருந்து உள்ளே போனால் முதலில் பிசின் பைன், அடுத்து உயர்புதர் புளூபெர்ரி போன்ற புதர்கள். அவற்றுக்குக் கீழே மணல் உள்வாய்: இளஞ்சிவப்புக் கோரியாப்சிஸ், ரெக்ஸியா ஆகிய பூச்செடிகள், கோரை இனங்கள், நம் மூலிகை நூல்கள் அழுகண்ணி என்னும் டிரோசெராவின் உறவினங்கள். பிளிமத் ஜென்ஷன் எனப்படும் சபாட்டியா கென்னடியானா மாசசூசெட்ஸ் பொய்கைகளின் பெருமை. அதற்கும் உள்ளே கரிமச் சேறு. கடைசியாக ஆம்பலும் நீர்ப்பைச் செடியும் மிதக்கும் நடுநீர்.

இந்த வளையத்தைக் காப்பது வெள்ளமும் வறட்சியும் மாறிமாறி வருவதுதான். உயர்நீர் ஆண்டுகளில் உள்ளே இறங்கிவந்த புதரும் பைன் நாற்றும் மூழ்கிச் சாகின்றன. நீரிறக்க ஆண்டில் மண்ணில் உறங்கிய விதைகள் ஒளி பட்டு முளைக்கின்றன. 1982இல் தாவர ஆய்வாளர்கள் கெடியும் ரெஸ்னிசெக்கும் கனடாவின் ஒன்டாரியோவில் உள்ள மாட்செடாஷ் ஏரியில் இந்த விதைச் சேமிப்பைக் காட்டினார்கள். ஆழ்துளைக் கிணறுகள் நீர்மட்டத்தை நிரந்தரமாகத் தாழ்த்தினால் புதர் இறங்கி நிழலிட்டு மூடும். மட்டத்தை ஒரே உயரத்தில் நிறுத்தி 'அழகுபடுத்தினால்' விதை முளைக்க வழியே இல்லை. கழிவுநீர்த் தொட்டியிலிருந்தும் புல்தரை உரத்திலிருந்தும் நைட்ரஜன் கசிந்தால், சத்தில்லாத மணலுக்குப் பழகிய சிறு செடிகளை உயரமான நாணல் அமுக்கிவிடும். வறண்ட உள்வாயில் வண்டி ஓட்டுவது, முளைத்தவற்றையும் விதை மண்ணையும் சேர்த்தே உழுதுவிடுகிறது.

இந்தச் செடிகளைக் கணக்கெடுப்பவர் ஆகஸ்ட், செப்டம்பரில் போக வேண்டும். புதர் விளிம்பிலிருந்து நீர்வரை கயிறு கட்டி, ஒரு மீட்டருக்கு ஒரு சதுரச் சட்டகம் வைத்து, ஒவ்வொன்றிலும் இனத்தோடு நீர்மட்டத்திலிருந்து உயரத்தையும் எழுத வேண்டும். உயர்நீர் ஆண்டில் ஒன்றும் தென்படாவிட்டால் 'இல்லை' என்று எழுதக் கூடாது. 'நீர் இறங்கவில்லை, பார்க்க முடியவில்லை' என்று எழுதிவைத்து, அடுத்த நீரிறக்கத்தில் அதே கயிற்றுக்கோட்டில் மறுபடி பார்க்க வேண்டும்.