தொகுப்பியில் எழுதிய வரி ஆர் நிரலைச் சென்றடையும் வழி

புள்ளியியல் முதுகலை படிக்கும் வாசகர் ஒருவர் இப்படிக் கேட்டிருந்தார்: "ஈமேக்ஸ் தொகுப்பியில், புள்ளியியல் கணக்கீட்டுக்கான ஆர் மொழியில் ஒரு வரியை எழுதி, கண்ட்ரோல் விசையோடு எண்டர் விசையையும் சேர்த்து அழுத்தினால் பக்கத்துச் சாளரத்தில் விடை வந்துவிடுகிறது. அப்படியானால் ஈமேக்ஸுக்கு ஆர் மொழி தெரியுமா?" அடைப்புக்குறி எங்கே திறந்து எங்கே மூடுகிறது, ஒரு சார்பின் வரையறை எந்த வரியில் முடிகிறது என்ற அளவுக்குத் தெரியும். சராசரியையோ மாறுபாட்டையோ கணிக்க அதற்குத் தெரியாது. கணிப்பு முழுவதும், அந்த மொழியில் எழுதிய வரிகளை இயக்கும் ஆர் நிரலின் வேலை. இரண்டுக்கும் இடையே பேச்சை நடத்துவது 'ஈமேக்ஸ் ஸ்பீக்ஸ் ஸ்டாட்டிஸ்டிக்ஸ்' எனப்படும் ஈ.எஸ்.எஸ். நீட்டிப்பு.

அதன் வரலாறு ஆர் மொழியின் புகழுக்கு முற்பட்டது. 1976-இல் பெல் ஆய்வகத்தில் ஜான் சேம்பர்ஸும் அவருடைய சக ஆய்வாளர்களும் தொடங்கிய, ஆர் மொழிக்கு முன்னோடியான எஸ் மொழிக்காக, டக்ளஸ் பேட்ஸ் உள்ளிட்ட சிலர் ஓர் ஈமேக்ஸ் நீட்டிப்பை எழுதினர். பின்னர் 1990-களின் பிற்பகுதியில் ஆந்தனி ராசினி, ரிச்சர்ட் ஹைபெர்கர், மார்ட்டின் மேக்லர், கர்ட் ஹோர்னிக் ஆகியோர் அதையும் சாஸ் என்ற புள்ளியியல் மென்பொருளுக்கான நீட்டிப்பையும் இணைத்து ஈ.எஸ்.எஸ். ஆக்கினர். ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் ராஸ் இஹாக்காவும் ராபர்ட் ஜென்டில்மனும் உருவாக்கிய ஆர் மொழியின் 1.0.0 பதிப்பு 2000 பிப்ரவரி 29 அன்றுதான் வெளிவந்தது.

ஈமேக்ஸுக்குள் ஆர் நிரலைத் தொடங்கும்போது, அது ஈமேக்ஸின் ஒரு பகுதியாகிவிடுவதில்லை. இயங்குதளத்தின் கண்ணுக்கு அது தனி நினைவகம் கொண்ட தனிச் செயல்முறை. இரு செயல்முறைகளுக்கு இடையே எழுத்துகளை அனுப்ப எளிய வழி 'பைப்' எனப்படும் குழாய். ஆனால் ஆர் போன்ற நிரல்கள், தம் முன்னால் உட்கார்ந்திருப்பது மனிதரா, இன்னொரு நிரலா என்பதைத் தொடக்கத்திலேயே சோதித்துக்கொள்கின்றன. உள்ளீடு முனையத்திலிருந்து, அதாவது விசைப்பலகையும் திரையும் கொண்ட கட்டளைச் சாளரத்திலிருந்து, வந்தால் மனிதர். குழாயிலிருந்து வந்தால் நிரல். குழாய் என்று தெரிந்தால், முடிவில் தரவைச் சேமிக்க வேண்டுமா, வேண்டாமா என்பதை முன்கூட்டியே சொல்லாதவரை ஆர் தொடங்கவே மறுக்கும். அதைச் சொல்லித் தொடங்கிவிட்டாலும், முதல் பிழையிலேயே வேலையை நிறுத்திவிடும். ஒவ்வொரு வரியாக முயன்று பார்க்கும் ஆய்வாளருக்கு அது உதவாது.

எனவே யுனிக்ஸ் வழி இயங்குதளங்களில் ஈமேக்ஸ் ஒரு போலி முனையத்தைக் கேட்டுப் பெறுகிறது. இயங்குதளத்தின் மையப் பகுதியான கருவகம் அதற்கு இரு முனைகளைத் தருகிறது. ஒன்றை ஈமேக்ஸ் வைத்துக்கொள்ள, மற்றொன்று ஆர் நிரலின் பார்வையில் அசல் விசைப்பலகையும் திரையுமாகவே தெரிகிறது. ஈமேக்ஸ் அனுப்பும் வரியை யாரோ தட்டச்சு செய்ததாகவே ஆர் எண்ணிக்கொள்கிறது. வரிகளைத் திருத்துவதற்கு ஆர் தன்னிடம் வைத்திருக்கும் வசதியைத் தொடக்கத்திலேயே அணைத்துவிடுமாறு ஈ.எஸ்.எஸ். ஒரு விருப்பத்தேர்வையும் சேர்த்து அனுப்புகிறது. திருத்தும் வேலைக்கு ஈமேக்ஸ் இருக்கும்போது இன்னொன்று குறுக்கே வரக் கூடாது அல்லவா! விண்டோஸில் இந்தப் போலி முனையம் கிடைக்காததால், ஆர் நிரலை எழுதியவர்களே ஈ.எஸ்.எஸ். பெயரில் ஒரு தனி விருப்பத்தேர்வை வைத்திருக்கிறார்கள். அதைக் கொடுத்தால், குழாயின் மறுமுனையில் மனிதர் இருப்பதாக ஏற்றுக்கொண்டு, வெளியீட்டையும் தேக்கிவைக்காமல் உடனுக்குடன் ஆர் தந்துவிடும்.

என்னை மிகவும் கவர்ந்த பகுதி இதற்கு அடுத்தது. ஒரு சார்பின் பெயரை எழுதி அடைப்புக்குறியைத் திறந்தவுடன், அந்தச் சார்பு எந்தெந்த உள்ளீடுகளைக் கேட்கும் என்ற குறிப்பு ஈமேக்ஸின் அடிவரியில் தோன்றுகிறது. பெயரைப் பாதி தட்டினால் மீதியை நிரப்பித் தருகிறது. நாம் சற்றுமுன் உருவாக்கிய மாறிகளின் பெயர்களும் அந்தப் பட்டியலில் இருக்கும். இந்த விவரங்கள் ஆர் நிரலின் நினைவகத்தில்தான் உள்ளன. பேசுவதற்கு இருப்பதோ ஒரே ஒரு தடம். அதில் ரகசியமாக எப்படிக் கேட்பது?

ஆர் நிரலிடமிருந்து எழுத்துகள் வந்துசேரும் ஒவ்வொரு முறையும் ஈமேக்ஸ் ஒரு வடிகட்டிச் சார்பை அழைக்கிறது. வழக்கமான வடிகட்டி, வந்ததைத் திரையில் எழுதிவிடும். மறைவாக ஒன்றைக் கேட்க வேண்டியபோது ஈ.எஸ்.எஸ். அந்த வடிகட்டியைக் கழற்றிவிட்டு, வந்ததை இடையகம் எனப்படும் மறைவான தற்காலிக இடத்தில் சேர்க்கும் இன்னொன்றை மாட்டுகிறது. வீட்டுக்கு வரும் தபாலைச் சற்று நேரம் வேறு முகவரிக்குத் திருப்பிவிடுவது போன்ற ஏற்பாடு இது. பிறகு கேள்வியை அனுப்பி, விடை முழுவதும் வந்ததும் பழைய வடிகட்டியை மாட்டிவிடுகிறது. இடையில் நடந்த உரையாடலின் சுவடு கூடத் திரையில் இருக்காது.

விடை முழுவதும் வந்துவிட்டது என்று அதற்கு எப்படித் தெரியும்? அடுத்த கட்டளைக்குத் தயார் என்பதை ஆர் > என்ற தூண்டுகுறியால் காட்டுகிறது. கட்டளை பாதியில் நின்றால் + குறியால். எழுத்துக்கோவையின் இறுதியில் அந்தக் குறி தென்பட்டால் பேச்சு முடிந்தது என்பதே நெடுங்காலம் பின்பற்றப்பட்ட விதி. ஆனால் அதே குறி, அச்சிடப்படும் தரவிலேயே வந்துவிட்டால் என்ன செய்வது? பயனர் தூண்டுகுறியையே மாற்றிக்கொண்டால்? ஆகவே அண்மைக் காலப் பதிப்புகளில், மறைவான கேள்வியோடு வேறெங்கும் வர வாய்ப்பில்லாத ஓர் அடையாளச் சரத்தையும் அனுப்பி, அதையே விடையின் எல்லையாக ஆர் அச்சிடும்படி செய்கிறார்கள். ஆர் ஒரு நீண்ட கணக்கீட்டில் மூழ்கியிருக்கும்போது இந்த மறைவான கேள்விகளைக் கேட்க முடியாது. அந்த நேரத்தில் குறிப்புகள் வராமல் போவதற்கு இதுவே காரணம். நீட்டிப்பு பழுதாகிவிட்டதாக அஞ்சி ஈமேக்ஸை மூடித் திறப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் அதோடு பாதி முடிந்த கணக்கீட்டையும் இழக்கிறார்கள்.

எல்லாமே எழுத்துகளின் போக்குவரத்து என்பதால், மறுமுனையில் ஆர் இருந்தாலும், ஸ்டேட்டா, ஜூலியா போன்ற வேறு கணக்கீட்டு நிரல் இருந்தாலும் அடிப்படை ஏற்பாடு மாறுவதில்லை. தொலைவிலுள்ள கணினியில் ஓடும் ஆர் நிரலோடும் எஸ்.எஸ்.எச். எனப்படும் பாதுகாப்பான தொலை இணைப்பின் வழியே இதே முறையில் பேசலாம். பல்கலைக்கழக ஆசிரியர்கள் தங்கள் ஆய்வுப் பணிக்கிடையே வளர்த்த கட்டற்ற மென்பொருள் இவ்வளவையும் தருகிறது. ஆண்டுதோறும் உரிமக் கட்டணத்துக்குப் பொதுப் பணத்தைச் செலவிடும் கல்வி நிறுவனங்கள், இத்தகைய கருவிகளைப் பராமரிப்போருக்கு அதில் ஒரு சிறு பங்கையாவது ஒதுக்க வேண்டும் என்பது என் கருத்து. கட்டுரை வெளியிட்டால் மதிப்பெண் தரும் ஆய்வு நிதிக் குழுக்கள், அந்தக் கட்டுரையின் கணக்கைப் போட்ட கருவியைப் பராமரிப்பதை ஆய்வாகவே கருதுவதில்லை.

கேள்வி கேட்டவர் ஒன்றைக் கவனத்தில் வைக்க வேண்டும். தொகுப்பியில் உள்ள கோப்பும் ஆர் நிரலின் நினைவகமும் தனித்தனியானவை என்பதால், ஒரு வரியைக் கோப்பிலிருந்து அழித்துவிட்டாலும் அது உருவாக்கிய மாறி நினைவகத்தில் அப்படியே இருக்கும். வரிகளை முன்பின்னாக அனுப்பிப் பெற்ற விடை, கோப்பை மேலிருந்து கீழாக ஓட்டினால் கிடைக்காமல் போகலாம். மூல நிரலே உண்மை, நினைவகத்தில் இருப்பவை அதிலிருந்து விளைந்தவை என்று ஈ.எஸ்.எஸ். கையேடே வலியுறுத்துகிறது. ஆய்வேட்டில் ஓர் எண்ணைச் சேர்ப்பதற்கு முன், புதிதாக ஓர் ஆர் செயல்முறையைத் தொடங்கி, கோப்பு முழுவதையும் முதல் வரியிலிருந்து ஓட்டி, அதே எண் வருகிறதா என்று பார்த்துவிடுங்கள்.