பழைய காம்ப்ளெக்ஸை இடிக்கலாமா? கான்கிரீட்டிடமே கேட்போம்

மார்த்தாண்டத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருந்தார்: "எங்க பக்கத்துல ஒரு ஷாப்பிங் காம்ப்ளெக்ஸ், கட்டி இருபத்தஞ்சு வருஷம் ஆச்சு. பாதிக் கடை ஷட்டர் போட்டே கிடக்கு. இடிச்சிட்டுப் புதுசா கட்டப் போறதா சொல்றாங்க. அதுக்குள்ள ஆயுசு முடிஞ்சிருமா சார்?"

வியாபாரம் படுத்தால் கட்டிடமும் படுத்துவிட்டது என்று அர்த்தமில்லை. அமெரிக்காவின் நாஷ்வில் நகரில் ஒன் ஹண்ட்ரட் ஓக்ஸ் என்ற மாலுக்குள் இன்று பல்கலைக்கழக மருத்துவமனையின் கிளினிக்குகள் நடக்கின்றன. பர்லிங்டன் நகரில் மூடிக் கிடந்த மேசிஸ் கடைக்குள் 2021-ல் ஓர் உயர்நிலைப் பள்ளியே குடியேறியது. கட்டிடம் எவ்வளவு சுமை தாங்க வேண்டும் என்று சொல்லும் நம் இந்தியத் தர விதி ஐ.எஸ். 875-ம் இதற்குத் தோதுதான்: கடைத் தளத்தைச் சதுர மீட்டருக்கு 4 கிலோநியூட்டன் சுமைக்குக் கணக்கிட்டுக் கட்டுகிறோம். வகுப்பறைக்கு 3, மருத்துவமனை வார்டுக்கு 2 போதும். விதிப்படி கட்டியிருந்தால் தளம் தாங்கும். உள்ளே இருக்கும் கம்பி எப்படி இருக்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

சிமெண்டும் தண்ணீரும் சேரும்போது கால்சியம் ஹைட்ராக்சைடு உண்டாகிறது. வெற்றிலைக்குத் தடவுகிற அதே சுண்ணாம்பு. இதனால் கான்கிரீட்டின் நுண்துளைகளில் தங்கும் நீரின் பிஹெச் 12.5-ஐத் தாண்டும். அவ்வளவு காரத்தில் கம்பியின்மேல் சில நானோமீட்டர் கனத்தில் ஓர் ஆக்சைடு படலம் தானாகப் படிகிறது. துருவும் ஆக்சைடுதான், ஆனால் பொலபொலவென உதிரும். இந்தப் படலமோ இறுகப் பற்றிக்கொண்டு அடியிலுள்ள இரும்பைக் காக்கும். கீறல் விழுந்தாலும், காரம் இருக்கும்வரை தானே மூடிக்கொள்ளும்.

இதற்கு எதிரி காற்றிலிருந்தே வருகிறது. கார்பன் டை ஆக்சைடு மெல்ல உள்ளே நுழைந்து சுண்ணாம்பை மறுபடி சுண்ணாம்புக்கல் ஆக்குகிறது. பிஹெச் 9-க்குக் கீழே இறங்குகிறது. இப்படிக் காரம் இழந்த பகுதி வெளியிலிருந்து உள்நோக்கி வளரும். அதன் எல்லை கம்பியைத் தொட்டால் படலம் போய்விடும். பிறகு கொஞ்சம் ஈரம் கிடைத்தால் போதும், துரு ஏறும். இரும்பைவிடத் துருவுக்கு 2 முதல் 6 மடங்கு இடம் வேண்டும் என்பதால் கான்கிரீட் உள்ளிருந்தே பிளக்கிறது.

எல்லை எதுவரை வந்திருக்கிறது என்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம். நாகர்கோவிலில் மூடிக் கிடந்த, அதே இருபத்தைந்து வயதான ஒரு காம்ப்ளெக்ஸுக்கு, பொறியாளர் நண்பரோடு போயிருந்தேன். தூணில் துளையிட்டு விரல் நீளத்துக்கு ஒரு துண்டை எடுத்தார். அதை உடைத்து, பள்ளி ஆய்வகத்தில் நாம் டைட்ரேஷன் செய்த, காரம் பட்டால் சிவக்கும் அதே பினாப்தலீனை உடைந்த முகத்தில் தெளித்தார். சில நொடிகளில் உள்பக்கம் முழுவதும் தோவாளைச் சந்தையில் குவித்த அரளிப் பூவைப் போலச் சிவந்தது. வெளியோரம் மட்டும் சாம்பல் நிறத்திலேயே நின்றது. ஸ்கேலை வைத்தால் 15 மில்லிமீட்டர். கம்பி இருந்ததோ 30 மில்லிமீட்டர் ஆழத்தில்.

இருபத்தைந்து வருஷத்தில் 15 என்றால் இன்னும் இருபத்தைந்தில் 30 ஆகிவிடும் என்றுதான் மனம் சொல்லும். அது தப்பு. புதிதாக வரும் ஒவ்வொரு மூலக்கூறும் ஏற்கெனவே மாறிப்போன அடுக்கு முழுவதையும் கடந்துதான் உள்ளே போக வேண்டும். போகப் போகப் பாதை நீளம். அதனால் ஆழம் காலத்தின் வர்க்கமூலத்தை ஒட்டியே வளர்கிறது. இருமடங்கு ஆழத்துக்கு நான்கு மடங்கு காலம்: கட்டியதிலிருந்து 100 வருஷம். அந்தத் தூணுக்கு இன்னும் 75 வருஷம் கையிருப்பு! கட்டிடத்தின் வயதை மில்லிமீட்டரில் அளக்கலாம் என்று அன்று புரிந்தபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சி இன்னும் அடங்கவில்லை.

சிவந்துவிட்டது என்று அப்படியே நம்பிவிடவும் கூடாது. குளச்சல், முட்டம் பக்கம் கடல்காற்று கொண்டுவரும் உப்பிலுள்ள குளோரைடு, காரம் குறையாமலே படலத்தை ஊசி ஊசியாகத் துளைக்கும். பினாப்தலீனுக்கு அது தெரியாது. அதற்குத் தாமிர சல்பேட் மின்முனையை கான்கிரீட்டின்மேல் வைத்துக் கம்பியின் மின்னழுத்தம் பார்க்கிறார்கள். மைனஸ் 350 மில்லிவோல்ட்டுக்குக் கீழே போனால் துரு ஏறிக்கொண்டிருக்க 90 சதவீத வாய்ப்பு. நாங்கள் பார்த்த கட்டிடத்தில் கழிப்பறையை ஒட்டிய இரண்டு தூண்கள் அப்படி இருந்தன. பல வருஷக் கசிவு. அவற்றைக் கொத்திச் சுத்தம் செய்து, கம்பி சேர்த்து, மறுபடி வார்க்கலாம்.

ஆனால் அந்தக் கட்டிடத்தைப் பற்றி ஊரில் பேசியதெல்லாம் வாஸ்து பற்றி. ஈசான மூலை சரியில்லையாம், ராசியில்லாத இடமாம். எனக்கு இதில் கோபமே உண்டு. ஒரு சொட்டு பினாப்தலீன் சொல்வதைக் கேட்காமல், அடுத்த கட்டிடத்துக்கு ஜல்லி வேண்டும் என்று நம் மலைகளில் இன்னொரு பாறையை உடைக்கிறோம். உலகின் கார்பன் டை ஆக்சைடு வெளியேற்றத்தில் 7, 8 சதவீதம் சிமெண்டால் வருவது. அழகப்பச் செட்டியார் கொடுத்த 300 ஏக்கர் நிலத்தில் 1953-ல் திறக்கப்பட்ட காரைக்குடி சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம்), அரிமானத்தை, அதாவது உலோகம் துருவேறி அரிபடுவதையும் ஆராயும் நிறுவனம். கடலோர மாவட்டம் ஒவ்வொன்றிலும் அதற்கு ஒரு பரிசோதனைக் கிளை வைக்க அரசு பணம் ஒதுக்க வேண்டும் என்பது என் ஆசை.

மார்த்தாண்டத்து நண்பருக்கு: இடிப்பதற்கு முன் பரிசோதனை அறிக்கையைக் கேளுங்கள். முகப்புத் தூணை மட்டும் பார்த்து எழுதினால் ஒத்துக்கொள்ளாதீர்கள். கழிப்பறையை ஒட்டிய தூண், மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியின் அடி, மழை அடிக்கும் மேற்குப் பக்கம், இந்த மூன்று இடத்திலும் துளை போடச் சொல்லுங்கள்.