இரண்டு டெபியனுக்கு ஒரே ஹோம் வேண்டாம்

"அஞ்சு வருஷத்து மெயில் காணோம் சார்" என்று புத்தக வடிவமைப்பு செய்யும் ஓர் அம்மா ஒருநாள் காலையில் போன் செய்தார். குரலே நடுங்கியது. அவர் கணினியில் டெபியன் 12 (லினக்ஸ் வகை இயங்குதளம் ஒன்றின் பதிப்பு) இருந்தது. கையிலிருந்த வேலை முடியும்வரை அதை எடுக்க மனமில்லாமல், பக்கத்திலேயே டெபியன் 13-ஐயும் போட்டிருந்தார். போட்டுக்கொடுத்தவர், பயனரின் கோப்புகளும் அமைப்புகளும் (செட்டிங்ஸ்) இருக்கும் ஹோம் பார்ட்டிஷனை (வட்டில் பிரித்த தனிப் பகுதி) இரண்டுக்கும் பொதுவாக வைத்துவிட்டார்.

சில வாரம் 13-லேயே வேலை செய்த பிறகு, ஒரு பழைய கோப்புக்காக 12-க்குள் போயிருக்கிறார். அங்கே அப்டேட் செய்யாத பழைய தண்டர்பேர்டு மெயில் மென்பொருள். புதிய பதிப்பு தொட்ட புரொஃபைலை (மெயிலும் அதன் அமைப்புகளும் இருக்கும் ஃபோல்டர்) பழைய பதிப்பு திறக்காது. புதிதாக ஒன்று உருவாக்கவா, வெளியேறவா என்று கேட்கும். இவர் உருவாக்கச் சொல்லிவிட்டார். எந்தப் புரொஃபைலைத் திறப்பது என்ற குறிப்பும் அதே ஹோமில்தான் இருக்கிறது. அதனால் 13-க்குத் திரும்பியபோது அங்கும் பெட்டி காலி. நல்லவேளை, மெயில் எதுவும் அழியவில்லை. புரொஃபைல் மேனேஜரில் பழையதைத் தேர்ந்தெடுத்ததும் எல்லாம் வந்துவிட்டது. பயந்துபோய் அந்த ஃபோல்டரை அழித்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

'ஹோமைத் தனியாகப் பிரித்து வை' என்பது பழைய அறிவுரை, நல்ல அறிவுரையும்கூட. ஆனால் அது பழைய சிஸ்டத்தை எடுத்துவிட்டுப் புதியதைப் போடுகிறவர்களுக்கு. அமைப்புகள் ஒருமுறை புதிய வடிவத்துக்கு மாறும், அதோடு முடிந்தது. இன்று இது, நாளை அது என்று மாறி மாறிப் பூட் செய்கிறவர் நிலை வேறு. புதியது மாற்றி எழுதுவதைப் பழையது புரிந்துகொள்ளும் என்று யாரும் உறுதி தரவில்லை.

டெஸ்க்டாப்பில் இது உடனே தெரியும். க்னோம் என்ற டெஸ்க்டாப்பை எடுத்துக்கொண்டால், டெபியன் 12-ல் இருப்பது க்னோம் 43, 13-ல் 48. இடையில் க்னோம் 45 வந்தபோது எக்ஸ்டென்ஷன் (கூடுதல் வசதி தரும் சிறு நிரல்) எழுதும் முறையே மாறிவிட்டது. பழையதற்கு எழுதியது புதியதில் ஓடாது, புதியது பழையதிலும் ஓடாது. ஆனால் ஹோமுக்குள் அவை கிடக்கும் ஃபோல்டர் ஒன்றுதான். கேடிஈ என்ற இன்னொரு டெஸ்க்டாப்பைப் பயன்படுத்துகிறவர்களுக்கும் அதே கதை: 12-ல் அதன் பிளாஸ்மா 5, 13-ல் பிளாஸ்மா 6. பேனலை இங்கே ஒழுங்கு செய்தால் அங்கே கலைகிறது. தமிழ்99 விசைப்பலகைத் தேர்வும் இந்த அமைப்புகளுக்குள்தான் இருக்கிறது. தட்டச்சுப் பொதி ஒரு பதிப்பில் மட்டும் இருந்தால் மற்றதில் தமிழ் வராது.

நான் இப்போது எல்லோருக்கும் செய்துதருவது இதுதான். ஹோம் அந்தந்தப் பதிப்பின் ரூட் பார்ட்டிஷனுக்குள்ளேயே (சிஸ்டம் இருக்கும் பகுதி) இருக்கட்டும். சொந்தக் கோப்புகளுக்கு மட்டும் பெரிதாக ஒரு இஎக்ஸ்டி4 (லினக்ஸின் ஃபைல் சிஸ்டம் வகை) பார்ட்டிஷன். அதை இரண்டு பதிப்பின் எஃப்எஸ்டேப் கோப்பிலும் (எந்தப் பார்ட்டிஷனை எங்கே இணைப்பது என்ற பட்டியல்) யுயுஐடி (பார்ட்டிஷனின் அடையாள எண்) போட்டு மவுண்ட் செய்துவிட்டு, அதாவது இணைத்துவிட்டு, ஆவணங்கள், படங்கள், பதிவிறக்கங்கள் ஆகிய ஃபோல்டர்களுக்கு இரு ஹோமிலிருந்தும் சிம்பாலிக் லிங்க் (அசல் ஃபோல்டருக்குக் குறுக்குவழி) கொடுக்க வேண்டும். புள்ளியில் தொடங்கும் மறைந்த ஃபோல்டர்கள் எதையும் அதில் சேர்க்காதீர்கள். அமைப்புகள் எல்லாம் அவற்றில்தான் இருக்கின்றன.

இரண்டிலும் உங்கள் பயனர் எண் ஒன்றா என்றும் பாருங்கள். டெபியனில் முதல் பயனருக்கு 1000 வரும். ஒன்றில் 1000, மற்றதில் 1001 என்றால் உங்கள் கோப்பையே உங்களால் திருத்த முடியாது.

ஏற்கெனவே பொது ஹோம் வைத்திருப்பவர்கள் பதற வேண்டாம். புதிய பதிப்பில் வேறு பயனர்பெயர் வைத்து, எண்ணை மட்டும் 1000 ஆக விடுங்கள். அதே பார்ட்டிஷனில் இரண்டு தனி ஃபோல்டர்களாகப் பிரிந்துவிடும். இன்ஸ்டால் செய்யும்போது அந்தப் பார்ட்டிஷனை ஃபார்மேட் செய்யச் சொல்லியிருக்கிறதா என்று இரண்டு தடவை பாருங்கள். அதற்கு முன்னால் மறைந்த கோப்புகளையும் சேர்த்து ஒரு பேக்கப் கட்டாயம்.

அப்புறம் ஸ்வாப், அதாவது ரேம் போதாதபோது பயன்படும் வட்டுப் பகுதி. இதைப் பொதுவாக வைக்கலாம். புதிய இன்ஸ்டாலேஷன் அதை ஃபார்மேட் செய்தால் யுயுஐடி மாறி, பழைய பதிப்பு பூட் ஆகும்போது ஒன்றரை நிமிடம் காத்து நிற்கும். எஃப்எஸ்டேப்பில் புதிய எண்ணைப் போட்டால் சரியாகிவிடும். ஆனால் ஹைபர்னேட் (நினைவில் இருப்பதை ஸ்வாப்பில் எழுதிவிட்டுக் கணினியை அணைப்பது) மட்டும் வேண்டவே வேண்டாம். ஒரு பதிப்பை அப்படி உறங்க வைத்துவிட்டு மற்றதில் பொதுப் பார்ட்டிஷனில் எழுதினால், முதலாவது விழித்தெழும்போது அதன் நினைவில் பழைய கணக்குதான் இருக்கும். அதை நம்பி எழுத ஆரம்பித்தால் ஃபைல் சிஸ்டமே சிதைந்துவிடும். அந்த அம்மாவின் கணினியில் இரண்டு பதிப்பிலும் ஹைபர்னேட்டை நானே முடக்கிவிட்டுத்தான் வந்தேன்.