சந்தா கட்டினால் குலுக்கலில் ஐபோன்: தமிழ்நாட்டில் இது கூடாது

போன வாரம் வக்கீலான எனக்கு மறுபடியும் ஒரு போன். கிண்டியில் உள்ள நிறுவனம், கடைக்காரர்கள் தங்கள் வாடிக்கையாளர்களுக்கு வாட்ஸ்அப்பில் விளம்பரம் அனுப்ப உதவும் மென்பொருளை விற்கிறார்கள். நந்தம்பாக்கம் வர்த்தக மையத்தில் ஸ்டால் போடப் போகிறார்கள். "ஆண்டுச் சந்தா கட்டுங்கள், குலுக்கலில் ஐபோன் வெல்லுங்கள்" என்று ஐயாயிரம் நோட்டீஸ் அச்சடித்து முடித்த பிறகு, "சார், சட்டப்படி ஒன்றும் பிரச்சினை இல்லையே?" என்று கேட்கிறார்கள். இருக்கிறது. இந்த ஆண்டு இதே கேள்வியோடு வந்த நான்காவது நிறுவனம் இது. நான்கு பேருமே அச்சடித்த பிறகுதான் கேட்டார்கள்.

டிவி விளம்பரங்களில் "இந்தச் சலுகை தமிழ்நாட்டில் செல்லாது" என்று பொடி எழுத்தில் ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். அதற்குக் காரணம் 1979ஆம் ஆண்டின் தமிழ்நாடு பரிசுத் திட்டங்கள் தடைச் சட்டம்.

"நாங்கள் என்ன லாட்டரியா நடத்துகிறோம்? பரிசு இலவசம்தானே?" எல்லோரும் சொல்லும் பதில் இது. லாட்டரிச் சீட்டு இங்கே தடையானது 2003இல். அது வேறு விஷயம், இந்தச் சட்டம் அதற்கும் 24 ஆண்டுகள் மூத்தது. நீங்கள் சீட்டு விற்றீர்களா, பரிசுக்காக விலையை ஏற்றினீர்களா என்பதெல்லாம் இங்கே கேள்வியே இல்லை. வாங்கியவர்களுக்கு மட்டும்தான் பரிசா? அவர்களிலும் யாரோ சிலருக்கு மட்டும்தானா? இரண்டுக்கும் 'ஆம்' என்றால் அங்கேயே நிறுத்துங்கள். ஸ்பின் வீல், ஸ்கிராட்ச் கார்டு, 'லக்கி கஸ்டமர்' என்று பெயரை மாற்றிப் பயனில்லை. சட்டம் பேசுவது பொருள் வாங்கியவர்களைப் பற்றி என்பதால், மென்பொருள் சந்தா பொருளா, சேவையா என்று நீதிமன்றத்தில் வாதாட இடமுண்டு. ஆனால் ஒரு ஐபோனுக்காக என் கட்சிக்காரரை அந்த வாதத்துக்குள் இழுத்துவிட மாட்டேன்.

சரி, என்னதான் கொடுப்பது? எல்லோருக்கும் ஒரே பரிசைக் கொடுங்கள். என்னிடம் ஆலோசனை கேட்டு வந்த ஒரு சிறிய நிறுவனம், ஸ்டாலுக்கு வந்த ஒவ்வொரு கடைக்காரருக்கும் ஒரு சுவர்க் காலண்டர் கொடுத்தது. அட்சய திருதியை, ஆடித் தள்ளுபடி, தீபாவளி ஆகியவற்றுக்கு எத்தனை நாள் முன்பு வாடிக்கையாளருக்குச் செய்தி அனுப்ப வேண்டும் என்று அதில் குறித்திருந்தார்கள். செலவு குறைவு, ஆண்டு முழுக்கக் கல்லாவுக்குப் பின்னால் தொங்கும். மென்பொருள் எதற்கு என்பதையும் அதுவே சொல்லிவிடுகிறது. போட்டிதான் வேண்டுமென்றால் திறமைப் போட்டி வையுங்கள், ஆனால் வாங்கினால்தான் கலந்துகொள்ளலாம் என்ற நிபந்தனை வேண்டாம்.

அப்புறம் வரி. வியாபாரத் தொடர்பில் ஒருவருக்கு ஆண்டில் 20,000 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள பரிசுகள் போனால் 10 சதவீதம் டி.டி.எஸ்., அதாவது கொடுப்பவரே பிடித்துக் கட்ட வேண்டிய வருமான வரி, உண்டு. பணமாகக் கொடுக்கவில்லை, பொருளாகத்தான் கொடுத்தோம் என்றாலும் விலக்கு இல்லை. ஆடிட்டரிடம் முதலிலேயே கேளுங்கள்.

இன்னொரு வேண்டுகோள். பரிசுக்காக வாங்கிய போன் எண்களை அப்படியே விளம்பரப் பட்டியலில் சேர்க்காதீர்கள். அதற்குத் தனியாகச் சம்மதம் கேளுங்கள்.

கிண்டி நிறுவனத்தின் ஐயாயிரம் நோட்டீஸும் பழைய பேப்பர் கடைக்குப் போயின. அதை வடிவமைத்த பெண்ணுக்கு அதுதான் முதல் வேலை. போனில் அவர் குரல் உடைந்தது இன்னும் காதில் நிற்கிறது. தயவுசெய்து அச்சுக்கு அனுப்பும் முன்பே வரைவை உங்கள் வக்கீலிடம் காட்டுங்கள். ஒரு பக்கம்தானே, படித்துச் சொல்ல பத்து நிமிடம் போதும்.